புல்லுக்குப் போட்ட பிரேக்

'ஆடு எதையும் மேயும்' என்பது மனுஷன் கிளப்பிவிட்ட அவதூறு. இருமல் கஷாயத்துக்குப் போடும் ஆடாதொடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு தொடாத இலை என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். 1753-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் அதற்கு வைத்த லத்தீன் பெயரிலும் 'அதாதோடா' ஒட்டிக்கொண்டது. ஆட்டின் ஆட்சேபணை தாவரவியலிலேயே பதிவாகிவிட்டது!

முட்டைக் கோழியைப் பாருங்கள். ராத்திரிதான் அதன் வயிற்றில் முட்டை ஓடு தயாராகிறது. அதனால் கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்தால், சாயங்காலம்தான் அதிகம் கொத்தும். நம் ஆபீஸில் சாயங்காலம் தேடுவது பஜ்ஜி. இரண்டுக்கும் பெயர் டிபன்தான்.

இந்த ஞானம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லால்பா, ப்ரவென்ஸா கோஷ்டி செம்மறிக் குட்டிகளுக்கு வயிற்றைக் கெடுக்கும் மூன்று தினுசுத் தீனி கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மாற்று மருந்தையும் தின்ன வைத்தார்கள். பிறகு ஒரு தீனியைக் கொடுத்து, மூன்று மருந்தையும் முன்னால் வைத்தால், குட்டிகள் சரியான மருந்தின் பக்கம் சாய்ந்தன. அந்த அனுபவம் இல்லாத குட்டிகளுக்கு அது தெரியவில்லை. 2006-ல் வந்த ஆராய்ச்சி இது. ஆக, வயிறு பாடம் நடத்துகிறது, நாக்கு படிக்கிறது.

ஆனால் இந்த வாத்தியாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பசுவின் முதல் வயிறு பெரிய அண்டா. 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். புல், வைக்கோல் என்றால் அண்டா நிரம்பியதும் மாடு தானே நிறுத்தி, படுத்து அசை போடும். பொங்கல் சோறு அப்படியில்லை. மளமளவென்று புளித்து அமிலமாகிவிடும். 'போதும்' என்று வயிறு சொல்வதற்குள் ஒரு பானை காலி! அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், மாடு படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போகும். மாட்டுப் பொங்கல் வந்தாலே கால்நடை டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

எனவே, பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும் நண்பர்களே, சாஸ்திரத்துக்கு ஒரு பிடி ஊட்டுங்கள். மீதிக்குப் பசுந்தீவனம் போடுங்கள். அசை போடவில்லை என்றால் பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

புல்லுக்குப் போட்ட பிரேக் பொங்கலுக்குப் பிடிக்காது. மாட்டுக்காவது வருஷத்துக்கு ஒரு நாள்தான் பொங்கல். நமக்கு, எதிர் ஓட்டலில் தினமும் ஏழு மணிக்கே ரெடி, மேலே நெய் வேறு.