வாசலில் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது

ஓய்வுபெற்ற போர் விமானத்தைப் படைத்தளத்தின் வாசலிலோ கல்லூரி வளாகத்திலோ பூங்காவிலோ பீடம் கட்டி நிறுத்திவிட்டால் அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற எண்ணம் இந்தியாவில் பரவலாக இருக்கிறது. உடைத்து எடைக்குப் போடுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எடைக்குப் போட்டால் சில நாட்களில் நடக்கும் அழிவு, பராமரிப்பில்லாத பீடத்தில் சில பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு நடக்கிறது. 1963 முதல் இந்தியா வாங்கியும் தயாரித்தும் சேர்த்த மிக்-21 விமானங்கள் 870க்கும் மேல். 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் அந்த வகை முழுமையாக விடைபெற்றது. எஞ்சியவை எங்கே, எப்படி நிற்கப்போகின்றன என்பதைத் தீர்மானிக்க வேண்டிய நேரத்தில் இந்த எண்ணத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். தெற்கு விமானப்படைக் கட்டளையகம் 1984 முதல் இயங்கும் திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் பொருந்தும்.

முதல் காரணம், அலுமினியம் துருப்பிடிக்காது என்பது. சமையல் பாத்திரத்துக்கு இது ஏறக்குறைய சரி. விமானத் தகடு தூய அலுமினியம் அல்ல. வலிமைக்காக அதில் செம்பு கலக்கிறார்கள். செம்பு சேரச்சேர அரிப்பைத் தாங்கும் திறன் குறைகிறது. இதற்காகத்தான் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஒட்டுகிறார்கள். ரிவெட்டுக்காகத் துளையிட்ட இடத்திலும் கீறல் விழுந்த இடத்திலும் அந்தப் படலம் இல்லை. எஃகு போல்ட்டும் அலுமினியச் சட்டமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அது சிறிய மின்கலமாக மாறி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். சக்கரங்களிலும் இயந்திர உறைகளிலும் பயன்பட்ட மக்னீசியக் கலவை அதற்கும் முன்பே கரைந்துவிடும்.

கீழே நின்று பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. இறக்கையும் உடலும் சேரும் மடிப்பில் முதலில் வண்ணப்பூச்சு கொப்பளிக்கும். கொப்புளத்தைச் சுரண்டினால் உள்ளே வெண்சாம்பல் நிறப் பொடி இருக்கும். அதற்கும் அடியில் தடித்த அலுமினியச் சட்டம் ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருக்கும். அந்த நிலைக்கு வந்த சட்டத்தைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மேலே பூசப்படும் புதுப் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து வேலையை விரைவுபடுத்துகிறது.

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். விமான நிலையம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டியிருக்கிறது. கட்டளையகம் இருக்கும் ஆக்குளத்தின் காயல் வேளி வழியாகக் கடலைச் சேர்கிறது. ஈரமும் வெப்பமும் உப்பும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்கும் இத்தகைய இடம் உலோகத்துக்கு மிகக் கடினமான இடங்களில் ஒன்று.

இரண்டாவது காரணம் கேட்பதற்கு வலுவானது: போரில் மழையையும் கடற்காற்றையும் தாங்கியது, சும்மா நிற்கும்போது தாங்காதா? தாங்கியது விமானம் மட்டும் அல்ல, அதன் பின்னால் இருந்த தரைப் பணியாளர்களும்தான். பணியிலுள்ள விமானத்துக்குக் காற்று நுழைவாய்களை மூடுவதும், கடல்மேல் பறந்தபின் நன்னீரில் கழுவுவதும், எண்ணெயிடுவதும், வடிகால் துளைகளைச் சுத்தம் செய்வதும் அன்றாட வேலை. 2025 ஜூன் 14இல் திருவனந்தபுரத்தில் இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி விமானத்தை இந்நகரம் ஐந்து வாரங்களுக்கு மேல் பார்த்தது. அது கப்பலிலிருந்தும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. முதலில் மழையில் வெட்டவெளியில் நின்றது. ஜூலை 6இல் பொறியாளர் குழு வந்தபின் பழுதுபார்ப்பதற்காகக் கொட்டகைக்குள் கொண்டுபோகப்பட்டு, ஜூலை 22இல் புறப்பட்டது. அத்தனை பேரின் கவனிப்பில் ஒரு பங்குகூடப் பீடத்தில் நிற்கும் விமானத்துக்குக் கிடைப்பதில்லை. போதாததற்கு, மேலே ஏறுவதுபோல் சாய்த்து நிறுத்தும்போது வயிற்றுப்பகுதியின் வடிகால் துளைகள் பயனற்றுப் போகின்றன. நீர் வால்பக்கம் இறங்கித் தேங்குகிறது. இயந்திர வாயில் மைனா கூடு கட்டுகிறது. கண்ணாடி மூடியின் அக்ரிலிக் வெயிலில் மயிரிழை விரிசல் விட்டு மங்குகிறது.

மூன்றாவதாக, பிரிட்டனே தன் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களை வாசல்களில் நிறுத்திக் காத்தது என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து விமானங்கள் ஆயிரக்கணக்கில் உருக்கப்பட்டபோது தப்பியவற்றில் பல தளவாசல்களில் நின்றவையே. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வெட்டவெளி அவற்றைத் தின்பது தெரிந்ததும், 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் விமானப்படை அசல்களைக் கீழிறக்கிக் கண்ணாடியிழை நகல்களை வாசலில் ஏற்றத் தொடங்கியது. அசல்களில் சில ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போயின. மாற்றாக விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு கிட்டிஹாக் விமானமும் ஒரு போஃபர்ட் விமானமும் கிடைத்தன. அப்படி அக்ஸ்பிரிட்ஜ் வாசலிலிருந்து இறங்கிய ஆர்டபிள்யூ 382 என்ற ஸ்பிட்ஃபயர் பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்டு 1991இல் பறந்தது. ஆக, பிரிட்டன் தரும் முன்னுதாரணம் வாசலில் நிறுத்தியது அல்ல, வாசலிலிருந்து இறக்கியது. நகல் வைப்பது மக்களை ஏமாற்றுவது என்ற ஆட்சேபம் இதற்கு உண்டு. பலகையில் நகல் என்று எழுதிவைத்தால் அந்த ஆட்சேபம் தீர்ந்துவிடும். சாலையில் போகிறவருக்கு வேண்டியது உருவம், அது நகலிலும் இருக்கிறது. வரலாற்றாளருக்கு வேண்டிய ரிவெட்டும் முத்திரை எண்ணும் அசலில் மட்டுமே இருக்கின்றன.

நான்காவது, வாசல் விமானம் போரின் நினைவைக் காக்கிறது என்பது. எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, யார் ஓட்டியது? பெரும்பாலான பீடங்களில் இவற்றுக்கு விடை இல்லை. விமானத்தின் அடையாளம் அதன் வரிசை எண். அடுத்தடுத்துப் பெயிண்ட் அடிக்கும்போது எண் மாறுகிறது, சில சமயம் மறைகிறது. பறப்பேடு வேறெங்கோ போய்விடுகிறது. 1965, 1971 போர்களில் புகழ்பெற்ற நேட் விமானங்கள் நாட்டில் பல இடங்களில் நிற்கின்றன. ஸ்ரீநகரைக் காத்து 1971 டிசம்பர் 14இல் உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நேட்தான். ஆனால் 1965இல் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்டு இன்று கராச்சி அருங்காட்சியகத்தில் இருக்கும் நேட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அது எந்த விமானம், என்ன ஆயிற்று என்பது தெரிவதுதான் காரணம். சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் நிற்கும் மாருத், குர்ட் டாங்க் வடிவமைப்பில் இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமான வகை. 1971இல் ராஜஸ்தான் முனையில் அந்த வகை சண்டையிட்டது. மொத்தம் 147தான் கட்டப்பட்டன. அடியில் நின்று படமெடுக்கும் மாணவருக்கு இதைச் சொல்ல வேண்டிய கடமை அதை நிறுத்தியவர்களுடையது.

கடைசியாக, ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, கூரை போடச் செலவாகும் என்ற வாதம். 1970களில் டெம்பெஸ்ட் போர் விமானங்களைப் பற்றியும் இப்படித்தான் நினைத்தார்கள். இந்தியத் தளங்களில் கேட்பாரற்றுக் கிடந்தவற்றைப் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வாங்கிச் சென்றனர். இன்று உலகில் எஞ்சியிருக்கும் இரண்டாம் வகை டெம்பெஸ்ட்களில் பெரும்பாலானவை இங்கிருந்து போனவை. லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருப்பதும் அவற்றில் ஒன்று. பெங்களூரு ஜாலஹள்ளி தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்த எம்வி 293 என்ற ஸ்பிட்ஃபயரும் அதே காலத்தில் போய் 1992இல் இங்கிலாந்தில் மீண்டும் பறந்தது. காட்சிக்கு வைத்துவிட்டால் நிரந்தரம் என்பதும் நடக்கவில்லை. 1971இல் சீ ஹாக் விமானங்களை ஏவிய விக்ராந்த் கப்பலே மும்பையில் 2001 முதல் 2012 வரை அருங்காட்சியகமாக இருந்து, பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டு, 2014இல் உடைக்கப்பட்டது.

எல்லா விமானத்துக்கும் கூரை வேண்டும் என்பதில்லை. போரில் பறந்ததாகப் பதிவுள்ளவையும் ஒரு வகையில் முதலாவதோ கடைசியோ ஆனவையும், 1967இல் தொடங்கிய பாலம் அருங்காட்சியகத்தின் ஸ்பிட்ஃபயரைப்போல, கொட்டகைக்குள் போக வேண்டும். மற்றவற்றை வாசலுக்குக் கொடுக்கலாம்: கிடைமட்டமாக நிறுத்தி, துளைகளைத் திறந்து, நுழைவாய்களை அடைத்து, ஒவ்வொரு பருவமழைக்குப் பின்னும் நன்னீரில் கழுவி. கடலோர ஊர்களுக்கு நகலே போதும். ஒப்படைக்கும் நாளிலேயே வரிசை எண்ணையும் பறப்பேட்டின் படியையும் பெறுபவரிடம் சேர்த்து, ஆண்டுதோறும் யார் வந்து பரிசோதிப்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.