40 பேர் ஒரே அறையில் பேசினால்...



இரவு பத்து மணி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "இப்ப ஒருத்தரும் பேசாதீங்க!" என்று உங்கள் மகன் அதட்டுகிறான். அறையிலோ அவனைத் தவிர ஒருவருமில்லை. என் தாத்தா வீட்டில் இதைக் கண்டு முதலில் நானும் திகைத்துத்தான் போனேன்.

2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' என்ற கணனி விளையாட்டு வெளிவந்தது. அதன் பெரிய போர்களுக்கு 40 பேர் வரை சேர வேண்டியிருந்தது. போர் நடுவே எழுத்துத் தட்டிக்கொண்டிருக்க நேரமேது? டீம்ஸ்பீக், வென்ட்ரிலோ போன்றவற்றில் கூடி வாயாலேயே பேசிக்கொண்டார்கள். 2015இல் வந்த டிஸ்கோர்ட்டைத்தான் இன்று பலரும் பாவிக்கிறார்கள்.

40 பேரும் ஒன்றாய் வாய் திறந்தால் கல்யாண வீட்டுக் குசினிதான்! அதனால் குரலுக்கென்று தனித்தனி அறைகள் வைக்கிறார்கள். அரட்டைக்கு ஒன்று, காத்திருக்க ஒன்று, போருக்கு ஒன்று. போர் அறையில் தலைவரின் குரலுக்கே முதலிடம். அவர் பேசும்போது மற்றக் குரல்கள் தானாகத் தாழும்படி டிஸ்கோர்டில் வசதியுண்டு. மற்றவர்கள் ஒரு விசையை அழுத்தினால்தான் பேச்சுப் போகும். இல்லையேல் ஒரு வீட்டு மின்விசிறிச் சத்தம் எல்லோர் காதிலும் இரையும். முறை வைத்துப் பேசுவதை வகுப்பில் படிக்காத பிள்ளை இங்கே படித்துவிடுகிறது!

ஆனால் எந்த அறைக்குள் யார் வரலாம், யாருடைய மைக்கை நிறுத்தலாம், யாரை வெளியே போடலாம் என்பதெல்லாம் நிர்வாகிகள் கையில். மற்றவர் கண்ணுக்கே தெரியாத அறையையும் அவர்கள் அமைக்கலாம். 14 வயதுப் பிள்ளையும் 40 வயது அந்நியரும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். எழுதியதையாவது பிறகு திரையில் காட்டலாம். பேசியது காற்றோடு போய்விடும். பொறுப்பான குழுக்களில் கண்காணிக்க ஒருவருக்கு மேல் இருப்பார்கள். புதியவருக்கு எல்லா அறையும் உடனே திறக்காது.

ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "மகன், இந்த அறையில் எத்தனை பேர்? யார் பொறுப்பு? யாராவது தனி அறைக்குக் கூப்பிட்டார்களா? தொந்தரவு தந்தால் யாரிடம் சொல்வாய்?" ஒருவரின் பெயரைத் தொட்டு அவர் குரலைத் தனக்கு மட்டும் நிறுத்தவும், அவரை முற்றாகத் தடுக்கவும் முடியும். அதை உங்களுக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள். தாத்தாவின் மகனுக்கு அது அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.