விழுந்தவன் குடிகாரனா?

ரோட்டோரம் ஒருவன் விழுந்து கிடக்கிறான். காலனி ஆள், குப்பை அள்ளுகிறவன் என்று தெரிந்தால் தீர்ப்பு தயார்: 'குடிச்சிட்டுக் கெடக்கான்.' வெள்ளை வேட்டிக்காரராக இருந்தால், 'ஐயையோ, சாருக்கு சுகர் கொறஞ்சிருக்கும், ஓடிப்போயி கலர் வாங்கிட்டு வா!' அதே நாக்குளறல்தான், அதே தள்ளாட்டம்தான் தோழர்களே. நோய்க்குப் பேர் வைப்பதும் சாதி பார்த்துத்தான்.

எங்கள் பெரியப்பா சாக்கடை வேலைக்குப் போனவர். சர்க்கரை மாத்திரையை விடியக்காலம் 5 மணிக்குப் போட்டுக்கொண்டு கிளம்புவார். சாப்பாடு, மேஸ்திரி விட்டால் 11 மணிக்கு. ஒருநாள் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் யாரையோ திட்டியிருக்கிறார். 'ஏத்திக்கிட்டு வந்திருக்கான்' என்று அரைநாள் கூலியை வெட்டினான் மேஸ்திரி. டீக்கடை அம்மா சீனி கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார்.

மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். தின்பதோ உடம்பின் சக்தியில் 20 சதவீதம், பெரும்பாலும் குளுக்கோஸாக. 100 மில்லி ரத்தத்தில் அது 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடம்பு அட்ரினலினைக் கொட்டி எச்சரிக்கும்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. 54க்கும் கீழே இறங்கினால் மூளையே தடுமாறும். பேச்சு குளறும், கோபம் பொங்கும். இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு, சாவு. கிளிபென்கிளமைடு மாதிரியான மாத்திரை, வயித்துல சோறு இருக்கான்னு பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். 60 வயது தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது.

சரி, குடிச்சே இருக்கட்டும். சாராயம் கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை செய்யவிடாது. வெறும் வயிற்றில் குடித்தவனுக்குத்தான் ஆபத்து கூடுதல். வாடை வருதேன்னு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவன் அவனைச் சாகவிட்டுப் போகிறான்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. நல்லதுதான். உனக்குச் சோறு எத்தனை மணிக்கு என்று கேட்டது யார்? மாத்திரை போட்டவனுக்கு வேலை நடுவே நேரத்துக்குச் சாப்பாடு என்பதைச் சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும்.

நினைவிருந்தால் 3 ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் கொடு, பிறகு சோறு. நினைவில்லையா, வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடு. மாத்திரை போட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மாத்திரையின் வேகம் நாள் முழுக்க நிற்கும், ராத்திரி மறுபடியும் இறங்கலாம்.