சீட்டாடும் சிறார்

விளையாட்டுப் பிள்ளைப் பருவத்தின் பிறப்புரிமை என்பதனை மறுப்பார் இலர். ஆயின் அவ்விளையாட்டுப் பெருங்கூட்டம் நிறைந்த மண்டபத்திலே, நடுவர் முன்னிலையிலே, பரிசு கருதி நடைபெறுங்கால், அதனை விளையாட்டென்பதா வினையென்பதா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. போக்கிமான் சீட்டாட்டத்தின் உலகப் பந்தயத்திற் சிறார் கலந்துகொள்வது பற்றி நமக்குத் தோன்றுவன சில ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சீட்டென்ற அளவிலே முகஞ்சுளிப்பார் பலர். இஃது அவர் கருதும் சீட்டன்று. சேகரித்தும் தம்முள் மாற்றிக்கொண்டும் ஆடத்தக்க இவ்வகைச் சீட்டாட்டத்தை 1993ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்பீல்டு என்பார் தோற்றுவித்தனர். 1996இல் ஜப்பானிலே போக்கிமான் சீட்டுகள் வெளிவந்தன. 2004இல் ஆர்லாண்டோ நகரில் நடைபெற்ற உலகப் பந்தயம், 2023இல் முதன்முறையாக அவ்வாட்டம் பிறந்த ஜப்பானிய மண்ணை அடைந்து யோகோஹாமாவில் நிகழ்ந்தது. சிறார் சிறாரோடே பொருதுமாறு வயதுக்கேற்ப மூன்று பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

இவ்வாட்டத்தால் விளையும் நன்மை சிறிதன்று. ஆடுவோர் ஒவ்வொருவரும் 60 சீட்டுகள் கொண்ட கட்டொன்றைத் தாமே ஆய்ந்து அமைத்தல் வேண்டும். அடிப்படை ஆற்றற் சீட்டுகள் ஒழிய, ஒரே பெயருடையன 4க்கு மேற்படலாகாது. தொடக்கத்திற் கைக்கு வருவன 7. ஆகலின், 4 படிகள் வைத்த ஒரு சீட்டு முதற்கையிலேயே வந்து சேர்தல் நூறு தடவைக்கு ஏறக்குறைய 40 தடவையே. கரும்பலகை முன் கணக்கிற்கு அஞ்சும் பிள்ளையும் இங்கே தானே விரும்பிக் கணக்கிடக் காண்கின்றோம்.

இதனினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. தோற்றாரை உடனே வெளியேற்றாது, ஒத்த வெற்றியுடையாரை எதிரெதிர் அமர்த்தி மேலும் ஆடச்செய்யும் சுவிஸ் முறை இங்குக் கையாளப்படுகின்றது. முதலாட்டத்தில் தோற்ற சிறுவன் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குச் செல்கின்றான். தோற்றபின் மீண்டும் அமரக் கற்றல் எளிய கல்வியோ?

நிற்க. பழுது மேசையிலன்று, பணப்பையிலேயே உள்ளது. உள்ளிருப்பது புலப்படாதவாறு மூடிய உறைகளில் இச்சீட்டுகள் விற்கப்படுகின்றன. அரியதொன்று கிட்டுமோவென உறைமேல் உறை பிரிப்பதற்கும் சூதிற்கும் இடைவெளி மிகக் குறுகியதே. வள்ளுவனார் சூதிற்கென ஓர் அதிகாரமே வகுத்தமை நினைக்கத்தக்கது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் ஜப்பானியச் சிறுவர் இதழொன்று நடத்திய சித்திரப் போட்டிகளில் வென்றோர்க்கு வழங்கிய பிகாச்சு சீட்டுகளுள் ஒன்று, 2021இல் 52,75,000 டாலர் மதிப்பிற்குக் கைமாறிற்று. சித்திரந் தீட்டிய கைக்கு அளித்த பரிசு, செல்வர் பெட்டகத்துப் பொருளாயிற்று!

இதனால் இடர்ப்படுவது யார்? வறியார் பிள்ளையே. அறிவு ஒத்திருந்தும், வேண்டும் சீட்டை வாங்க இயலாமையால் ஒரு சிறுமி தோற்பாளாயின், அங்கே வென்றது எதிரியின் மதியன்று. அவன் தந்தையின் செல்வமே.

இதற்கு மாற்றுண்டு. உலகப் பந்தயத்திற் சிறந்து விளங்கினோர் சிலருடைய கட்டுகள் குறைந்த விலையில் மறுபதிப்பாக வெளியிடப்படுகின்றன. ஆயின் சீட்டின் பின்புறம் வேறுபட்டிருத்தலின் பந்தயத்தில் அவை ஏற்கப்படுவதில்லை. கட்டு முழுவதும் ஒரே பின்புறம் உடையதாயின் ஏமாற்றுக்கு இடமேது? சிறார் பிரிவிலேனும் அவற்றை ஏற்றல் அறமெனக் கருதுகின்றோம். பெற்றோரும் மூடிய உறைகளை வாங்கிக் குவியாது, வேண்டிய சீட்டை மட்டும் தனியே வாங்குதல் நன்று. நண்பரிடம் இரவல் பெறுதல் அதனினும் நன்று.

சிறாரைப் பந்தயத்தினின்று விலக்க வேண்டுவதில்லை. விலக்க வேண்டுவது பெரியோரின் பொருளாசையையே. அதனை வாயிலிலே நிறுத்திவிடின், உள்ளே நிகழ்வது விளையாட்டே என்பதில் ஐயமில்லை.