எந்த நாட்டு ஸ்கூட்டி?

கோப்பாய் வழியாகச் செல்லும் பருத்தித்துறை வீதியில் காலை வேளைகளில் ஸ்கூட்டிகளுக்குக் குறைவில்லை. ஆசிரியைகளும் கல்வியியற் கல்லூரி மாணவிகளும் அதிலேயே பயணிக்கின்றனர். பழைய ஸ்கூட்டிகளை வாங்கி விற்கும் நமது வர்த்தகர்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, 'இது வெளிநாட்டிலிருந்து வந்ததா, இங்கே பூட்டியதா?' என்பதுதான். பலர் பெயர்ப் பலகையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகின்றனர்.

பெயரை நம்ப முடியாது. ஹொண்டா டியோவையே எடுத்துக்கொள்வோம். 1988 இல் ஜப்பானில் வெளிவந்த டியோ, 50 சீசீ டூ ஸ்ட்ரோக் வண்டி. இந்திய டியோவோ 100 சீசீக்கு மேற்பட்ட ஃபோர் ஸ்ட்ரோக். ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் பொருந்தாது. இரண்டையும் 'ஒரிஜினல் ஜப்பான்' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் குழப்பம் மேலும் கூடியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, இந்தியப் பாகங்களைக் கொண்டு இங்கு பூட்டிய இரு சக்கர வாகனங்களும் சந்தைக்கு வந்தன.

அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் செசி நம்பரைப் பாருங்கள். பதினேழு எழுத்தும் இலக்கமுமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் காட்டும். எம்.ஏ முதல் எம்.ஈ வரை இந்தியா, கே.ஏ முதல் கே.ஈ வரை இலங்கை, 'எல்' என்று தொடங்கினால் சீனா. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென உற்பத்தியான பழைய டியோவில் இந்தப் பதினேழு இராது, ஏ.எப்.27 போன்ற குறியீடும் அதன் பின் ஓர் இலக்கமுமே இருக்கும்.

ஆனால் இந்தியாவில் இலக்கம் பொறித்து அனுப்பிய சட்டத்தை இங்கே பூட்டியிருந்தால், அந்த இலக்கம் இந்தியாவையே காட்டும். ஆகவே பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி நாடு, உற்பத்தி ஆண்டு என்பவற்றையும், கிடைக்குமாயின் முகவரின் முதல் விற்பனைப் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே பூட்டியது என்பதால் வண்டி மட்டமாகிவிடாது. அதற்கு முகவரும் உதிரிப்பாகமும் இருப்பது, பாகம் தேடி அலையவேண்டிய பழைய ஜப்பான் வண்டியைவிட இலாபமே. மறைத்து விற்பதுதான் தவறு. நாடு, ஆண்டு, செசி நம்பர், எஞ்சின் நம்பர் நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பொறித்த இலக்கம் அராவப்பட்டிருந்தாலோ, புத்தகத்துடன் ஒத்துவராவிட்டாலோ பாதி விலைக்குத் தந்தாலும் அந்த வண்டியைக் கடைக்குள் ஏற்றாதீர்கள்.