கையெழுத்து யாரோடது?

சிம்போசியத்துக்குன்னு டொமைன் வாங்கி, மலிவா ஒரு ஹோஸ்டிங் எடுத்து இன்விடேஷன் அனுப்புறோம். பாதி ஸ்பாம்ல விழுது. உடனே ஹோஸ்டிங்காரனைத் திட்டுறோம். பல நேரம் விடுபட்ட வேலை நம்மோடதுதான்.

டி.கே.ஐ.எம்.ல சர்வரில் இருக்கும் பிரைவேட் கீ ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்துப் போடுகிறது. அதைச் சரிபார்க்கும் பப்ளிக் கீ நம்ம டொமைனோட டி.என்.எஸ்.ல இருக்கணும். சிபேனல் ரெண்டையும் உருவாக்கிக் கொடுத்துடும். ஆனா நேம்சர்வரை கிளவுட்ஃபிளேருக்கு மாத்தியிருந்தா, பப்ளிக் கீயை நாமதான் அங்கே கொண்டுபோய்ப் போடணும்.

போட்டாச்சா? ஜிமெயில்ல 'ஷோ ஒரிஜினல்' திறந்து 'பாஸ்'னு பார்த்ததும் மூடிடாதீங்க. பக்கத்துல எந்த டொமைன்னு படிங்க. ஹோஸ்டிங் கம்பெனி டொமைன் இருந்தா கையெழுத்து அவங்களோடது. டிமார்க் அதைக் கணக்கில் எடுக்காது.

2024 பிப்ரவரியிலிருந்து, ஒரே நாளில் 5000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புறவங்களுக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் கட்டாயம். நாம அனுப்புறது 200தானேன்னு விடாதீங்க. கையெழுத்து சரியா இருந்தாதான் டிமார்க்ல தைரியமா 'ரிஜெக்ட்' போட முடியும். அது இல்லாத டொமைன் பேர்ல எவனாவது ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்டு மெயில் போட்டா, காசை இழக்கப்போறது நம்மை நம்பி வர்ற பக்கத்துக் காலேஜ் ஜூனியர்.