இரண்டு விரல் போதும்

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற பெயரை எடுத்தவுடன் எல்லோரும் அவருடைய விரல்களைத்தான் எண்ணுகிறார்கள். இடக்கையில் இரண்டு விரல் தீயில் கருகிப் போனவர், மிச்சம் இரண்டு விரலால் ஜாஸ் கிற்றாரின் போக்கையே மாற்றியவர் என்று சொல்லி, உச்சுக்கொட்டி, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் திருகோணமலைப் பக்கத்துக் கிளிவெட்டியில் இருந்துகொண்டு அதைக் கேட்கிற எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவு பெரிய அதிசயமாகப் படவில்லை. எங்கள் பக்கத்து வீணைக்காரர் எல்லோரும் இடக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்துத்தானே அத்தனை இராகத்தையும் வாசிக்கிறார்கள்? நான் ஜாங்கோவை வியப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

நடந்ததை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். 1910 ஜனவரி 23இல் பெல்ஜியத்தின் லிபெர்ஷி கிராமத்துப் பக்கம், பயணத்தில் இருந்த ஒரு வண்டிவீட்டுக் குடும்பத்தில் ஜாங்கோ பிறந்தார். ரோமா மக்களில் மனூஷ் என்ற பிரிவினர் அவர்கள். நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே நடந்து போனவர்களின் வழிவந்தவர்கள். பரிஸ் நகரின் ஓரத்தில் வளர்ந்த பையன், பதின்மூன்று பதின்நான்கு வயதிலேயே நடனக்கூடங்களில் அக்கோர்டியன்காரருக்குப் பக்கவாத்தியமாக பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தான். பள்ளிப்படிப்பு கிடையாது. இசைக்குறிப்பு வாசிக்க அவர் கடைசிவரை கற்கவில்லை. பெயரெழுதவே பிற்காலக் கூட்டாளியான வயலின்காரர் கிராப்பெல்லிதான் பழக்கினாராம்.

1928இன் பிற்பகுதியில் ஓர் இரவு வண்டிவீடு தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து குவித்திருந்த செலுலோயிட் பூக்களில் மெழுகுதிரி நெருப்புப் பட்டுவிட்டது. வலது காலும் இடது கையும் கருகின. காலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. ஒன்றரை வருடம் படுக்கை. தம்பி ஜோசப் கொண்டுவந்து கொடுத்த கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, மோதிரவிரலும் சின்னவிரலும் மடங்கிப்போன கையோடு, எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகினார்.

இந்த இடத்தில்தான் என் காது கூர்மையாகிறது. நான்கு விரலும் நலமாக உள்ள கிற்றார்க்காரர் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, தந்திக்குத் தந்தி தாவி ஒரு சுர வரிசையை முடித்துவிடலாம். இரண்டு விரல்காரருக்கு அந்த வசதி இல்லை. தந்தியின் நீளத்துக்குக் கையே ஓட வேண்டும். ஜாங்கோவின் சுரக்கோவைகள் கிற்றாரின் கழுத்தில் கீழிருந்து மேலாக, சாய்வாக ஏறிப் போவதற்கு இதுதான் காரணம். நெருக்கமான அரைச்சுரங்களை ஒரே விரலைச் சறுக்கவிட்டு உதிர்ப்பார். மடங்கிய இரண்டு விரல்களும்கூடச் சும்மா இருக்கவில்லை. கோர்ட் பிடிக்கும்போது ஓரத்துத் தந்திகளை அழுத்த அவை உதவின.

இப்போது வீணையைப் பாருங்கள். இருபத்து நான்கு மெட்டு, வாசிக்க நான்கு தந்தி. இரண்டு விரலும் சேர்ந்து ஒரே தந்தியில் நீளத்துக்கு ஓடுகின்றன. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதை ஜாரு என்கிறோம். மெட்டின் மேலேயே தந்தியை ஒதுக்கி இழுத்துக் கமகம் பிடிக்கிறோம். தந்தியை நீளவாக்கில் கேட்கிற பழக்கம் இது. ஐரோப்பியக் கிற்றார் தந்திகளைக் குறுக்கே எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு நெருப்பு ஜாங்கோவை நீளவாக்குக்குத் திருப்பிவிட்டது. ஆட்டமும் இழுப்பும் நிறைந்த அவருடைய ஒற்றைச் சுரங்கள் தமிழ்க் காதுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திருகோணமலைக்காரருக்கு இதில் வேறோர் உறவும் உண்டு. கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. அதே இராவணன் கயிலையைத் தூக்கப்போய், சிவனின் கால்விரலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தபோது, தன் தலையொன்றைக் குடமாகவும் கையைத் தண்டாகவும் நரம்பைத் தந்தியாகவும் ஆக்கி வீணை மீட்டினான் என்பது புராணம். அந்தக் கதையிலும் சிவன் இரங்கியது அவனுடைய காயத்தைப் பார்த்தல்ல, சாமகானத்தைக் கேட்டுத்தான்.

ஜாங்கோவிடம் கேட்க வேண்டியது என்ன? முதலாவது, அந்தத் தாளக்கட்டு. 1934இல் பரிஸில் அமைந்த குழுவில் மேளமே கிடையாது. ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின், ஜாங்கோவின் கிற்றார், பின்னால் ஜோசப்பும் ரோஜே ஷாபுவும் பிடித்த இரண்டு துணைக் கிற்றார், லூயி வோலாவின் டபுள் பேஸ். துணைக் கிற்றார்கள் வெட்டி வெட்டி அடிக்கும் அந்த அடிக்கு லா பொம்ப் என்று பெயர். வீணையில் தாளத்துக்கென்றே பக்கத்தில் மூன்று தந்தி இருக்கிறதல்லவா, அந்த மூன்றின் வேலையை இங்கே மூன்று ஆட்கள் பார்த்தார்கள்.

இரண்டாவது, கற்பனை. கச்சேரியில் கற்பனாசுரம் பாடுகிறவருக்கு இராகம் ஒன்றே. காலடி நிலம் அசையாது. ஜாஸில் ஓரிரண்டு தாளவட்டத்துக்கு ஒருமுறை கோர்ட் மாறுகிறது. அதாவது, நிற்கிற நிலமே நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நகர்வுகளைக் காகிதத்தில் பாராமல், பெயர்கூடத் தெரியாமல், காதால் மட்டும் பிடித்து, ஒவ்வொன்றின் மேலும் புதிதாக ஒரு பாட்டைக் கட்டினார் ஜாங்கோ. 1937இல் பதிவான ‘மைனர் ஸ்விங்’கைக் கேளுங்கள். வேகம் காட்டுகிற இடங்கள் இருக்கின்றன. அதைவிட, வேகமாகப் போகலாம் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்தில் ஒரே ஒரு சுரத்தை வைத்து அதைத் துடிக்கவிடுகிற இடங்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

கிராப்பெல்லி வழியாக இந்தக் கதைக்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு நூல் முனை உண்டு. வயலின் மேதை எல். சுப்பிரமணியம் பிள்ளைப்பருவத்தைக் கழித்தது யாழ்ப்பாணத்தில். தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்தோடு குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. 1980களில் இதே சுப்பிரமணியமும் கிராப்பெல்லியும் சேர்ந்து ‘கன்வர்சேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். ஜாங்கோவின் தோளோடு தோள் நின்று வாசித்த வில், யாழ்ப்பாணத்தில் பழகத் தொடங்கிய வில்லோடு பேசியது. அதற்குள் ஜாங்கோ காலமாகி முப்பது வருடமாகிவிட்டது.

அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி எங்கள் ஊர்க்காரருக்கு அந்நியமல்ல. 1939 செப்டெம்பரில் போர் அறிவித்தபோது குழு லண்டனில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கிவிட, ஜாங்கோ பரிஸுக்குத் திரும்பினார். நாசிகள் இலட்சக்கணக்கான ரோமா மக்களைக் கொன்ற காலம் அது. பிரான்ஸிலேயே நாடோடிகளைப் பிடித்து முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். போர் முடிந்தும், 1946 வரை சிலர் வெளியே வரவில்லை. பரிஸை நாசிகள் ஆக்கிரமித்திருந்த அந்தக் காலத்தில், 1940இல் வந்த ஜாங்கோவின் ‘நுவாஜ்’ பரிஸ் முழுவதும் முணுமுணுக்கும் மெட்டாயிற்று. 1943இல் கர்ப்பிணி மனைவியோடு சுவிற்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்தார், முடியவில்லை. மீண்டும் முயன்றபோது எல்லைக் காவலரே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2006இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர், பிறகு வருடக்கணக்காக எங்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் இருந்தார்கள். அங்கும் கல்யாணம் நடந்தது, பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த படப்பிடிப்பாளருக்கு அது துயரத்தை வென்ற இசையாகத் தெரிந்திருக்கும். பாட்டுப் போட்டவருக்கு அது கல்யாண வீட்டுப் பாட்டு, அவ்வளவுதான். ‘நுவாஜ்’ஜையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். அதில் ஓர் அழகான மெட்டு இருக்கிறது. அதை வாசிக்க அவருக்கு ஆசை இருந்தது. கலைஞனுக்குத் துன்பத்தைச் சான்றிதழாகக் கேட்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

அவரைத் தெய்வமாக்கவும் தேவையில்லை. மீன்பிடியும் பில்லியர்ட்ஸும் கண்டால் கச்சேரி மறந்துபோகும் ஆள். 1946இல் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனோடு வாசிக்க அமெரிக்காவுக்குப் போனார், கிற்றாரைக் கையோடு கொண்டுபோகாமல். அங்கத்தைய கிற்றார்க் கம்பெனிகள் முண்டியடித்துக்கொண்டு பரிசளிக்கும் என்று நம்பினாராம். நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் ஒரு நாள், குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்டானோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிந்திப் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் சமுவா சூர் சேன் என்ற ஆற்றங்கரை ஊரில் தூண்டிலோடு இருந்தார். 1953 மே 16இல், மூளையில் இரத்தம் கசிந்து, 43 வயதில் காலமானார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையானது. அல்சாஸில் 1966இல் பிறந்த பிரேலி லக்ரேன் பதின்மூன்று வயதில் ஜாங்கோவின் பாட்டுகளை இசைத்தட்டாகப் பதிந்தார். நெதர்லாந்தின் ஸ்டோகெலோ ரோசன்பர்க், இயக்குநர் டோனி கட்லிஃபின் படங்களில் தோன்றும் சாவோலோ ஷ்மிட் எல்லோரும் மாமன் சித்தப்பன் கைகளைப் பார்த்தும் தட்டைக் கேட்டும் பழகியவர்கள். குறிப்பேடு இல்லாத குருகுலம். இவர்களுக்கெல்லாம் விரல்களில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஜாங்கோ ஓடிய சாய்வுப் பாதையிலேயே ஓடுகிறார்கள். அந்தச் சத்தம் வேண்டுமென்றால் அந்த வழியால்தான் போக வேண்டும். குறையைச் சமாளிக்க வந்த வழி என்றால், குறையில்லாதவர் ஏன் அதைத் தேடிப் போகிறார்?

மூதூர்ப் பக்கத்து இசைக்குழுவொன்றில் லீட் கிற்றார் வாசிக்கிற ஒரு பொடியனுக்கு இதைச் சொன்னேன். ஜாங்கோ தனியாக வாசித்த 1937ஆம் ஆண்டு ‘இம்ப்ரொவைசேஷன்’ பதிவைப் போனில் போட்டுக் காட்டினேன்.

“மாமா, இவர் மெய்யா ரெண்டு விரலாலதான் வாசிக்கிறாரோ?”

“அதை விடு. முதல்ல கண்ணை மூடிக் கேள்.”

கேட்டான். பிறகு மோதிரவிரலையும் சின்னவிரலையும் மடக்கி, ரப்பர் பட்டி போட்டுக்கொண்டு பழகத் தொடங்கிவிட்டான். கை உளையுதாம், ஆனால் தன் பழைய அவசரச் சுரங்கள் பாதி காணாமல் போய்விட்டன என்கிறான். இந்தப் பக்கத்துக் கிற்றார்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: தெரிந்த சினிமாப் பாட்டு ஒன்றை எடுங்கள், ஒரே தந்தியில், இரண்டு விரலால் வாசித்துப் பாருங்கள். வாசிக்க ஆள் இருந்தால் பக்கத்து வீட்டு வீணையையும் ஒருநாள் போய்க் கேளுங்கள்.